சொதப்பல்: எது வரைக்கும் சொதப்பல், எங்கிருந்து குற்றம்?

சும்மாகேட்டவன் | 3 மார்ச் 2025, காலை 9:12

தவறு, தப்பு, பிழை, சொதப்பல், குளறுபடி எல்லாம் ஒரே பண்டம்தான், மேடைக்கு ஒன்று, திண்ணைக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோம், அவ்வளவுதான் என்கிறேன். இல்லை என்பவர்கள் ஒரு வாக்கியம் காட்டுங்கள். ஒரு சொல் உட்கார வேண்டும், இன்னொன்று உட்காரக் கூடாது.

ஒற்றன் | 3 மார்ச், காலை 9:40

“விடைத்தாளில் 4 பிழை.” இதில் சொதப்பலைப் போட்டுப் பாருங்கள். “விடைத்தாளில் 4 சொதப்பல்” என்று யாரும் சொல்வதில்லை. பிழையை எண்ணலாம், அடியில் கோடு போடலாம், பக்கத்தில் சரியானதை எழுதலாம். சொதப்பல் என்பது மொத்தத்தையும் பார்த்துவிட்டுச் சொல்லும் தீர்ப்பு. 4 பிழை இருந்தும் விடைத்தாள் நன்றாக இருக்கலாம். ஒரு பிழைகூட இல்லாமல் ஒரு பேச்சு படு சொதப்பலாக முடியலாம்.

திருப்பியும் பாருங்கள். “கல்யாண வரவேற்பில் மைக் வேலை செய்யல, வரவேற்புரை சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளை பெயரை மாத்திச் சொல்லிட்டார், மொத்தத்துல ஒரே சொதப்பல்.” இங்கே “ஒரே பிழை” என்று போட்டால், மொத்தம் ஒன்றுதான் என்று அர்த்தமாகிவிடும்.

சும்மாகேட்டவன் | 3 மார்ச், காலை 9:58

சரி, பிழை தனி. தவறு?

ஒற்றன் | 3 மார்ச், முற்பகல் 11:20

தவறுக்கு ஒழுக்கத்தின் வாடை உண்டு. “நீ செய்தது தவறு” என்றால் கண்டிப்பு. “நீ சொதப்பிட்ட” என்றால் கண்டிப்பு பாதி, சிரிப்பு பாதி. பொய் சொல்வது தவறு. பொய்யைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொள்வது சொதப்பல். ஒரே சம்பவம்தான், எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதில் சொல் மாறுகிறது.

இன்னொன்று. சொதப்புவதற்குத் தகுதி வேண்டும். நன்றாகச் செய்வான் என்று நாலு பேர் எதிர்பார்த்தால்தான் ஒருவனால் சொதப்ப முடியும். நீச்சலே தெரியாதவன் தண்ணீரில் தத்தளித்தால் அது சொதப்பல் இல்லை. பயிற்சியாளர் குதிக்கும்போது வயிறு அடிபட விழுந்தால் சொதப்பல்.

மெய்ப்புமேசை | 3 மார்ச், மாலை 4:05

வினைச்சொல்லாக எடுத்தால் இன்னும் தெளிவாகும். சொதப்பு, சொதப்பினான், சொதப்புகிறான், சொதப்புவான். வேற்றுமை உருபைக் கவனியுங்கள்:

பாட்டைச் சொதப்பினான்: பாட்டு முழுக்கப் போச்சு, காரணம் அவன்.

பாட்டில் சொதப்பினான்: பாட்டில் எங்கோ ஓரிடம் போச்சு. மேல்ஸ்தாயியில் சுருதி விலகியிருக்கலாம். அல்லது நிகழ்ச்சியில் மற்றதெல்லாம் சரி, பாட்டு மட்டும் சரியில்லை.

பாட்டு சொதப்பிடுச்சு: யார் மேலும் பழி இல்லை. பாட்டே தானாகப் போய்ச் சொதப்பிக்கொண்டது போல.

மூன்றாவது வடிவத்தை யார் அதிகம் சொல்கிறார்கள் என்று பாருங்கள். சொதப்பினவரேதான்.

துணைவினை சேர்ந்தால் தனி உலகம். “சொதப்பிவிட்டான்” என்றால் முடிந்தது கதை. “சொதப்பித் தள்ளினான்” என்றால் அளவு அதிகம், ஒன்றன்பின் ஒன்றாக. “சொதப்பி தொலைத்தான்” என்பதில் சொல்கிறவரின் எரிச்சல் இருக்கிறது. “சொதப்பி வைத்திருக்கிறான்” என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. செய்தவன் போய்விட்டான், அடுத்து வருகிறவர் தலையில் விடியும் என்று பொருள். “சொதப்பிக்கொண்டான்” என்றால் நட்டம் அவனுக்கு மட்டும்.

ஒற்றன் | 3 மார்ச், மாலை 4:09

சொதப்பித் தொலைத்தான். ‘த்’ எங்கே?

மெய்ப்புமேசை | 3 மார்ச், மாலை 4:31

ஒற்றன் என்று பெயர் வைத்துக்கொண்டதற்கு வேலை கிடைத்துவிட்டது. இகரத்தில் முடியும் வினையெச்சத்துக்குப் பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். மேலே தள்ளினானுக்குப் போட்டாயிற்று, தொலைத்தானுக்கு விட்டுப்போயிற்று.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை என்பதால் சொல்கிறேன். “வேலை கொடுத்தான்” என்றால் பணி. “வேலைக் கொடுத்தான்” என்றால் முருகன் கையில் இருப்பது. “கீரை கடை” என்றால் மத்தை எடுத்துக் கடைய வேண்டும். “கீரைக்கடை” என்றால் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். கணினிப் பிழைதிருத்தி இரண்டையும் சரி என்றே விட்டுவிடும், ஏனென்றால் தனித்தனியாக எல்லாச் சொல்லும் சரி. மெய்ப்பில் அதிகம் தப்புவது இந்த ரகம்தான்: சொல்லில் பிழை இருக்காது, வாக்கியத்தில் இருக்கும்.

வடமராட்சி | 4 மார்ச், காலை 6:50

எங்கட யாழ்ப்பாணப் பக்கம் எல்லாத்துக்கும் ‘பிழை’தான். கணக்குப் பிழை, வழி பிழை, நீ சொல்லுறது பிழை. தமிழ்நாட்டில ‘சரியா தப்பா’ எண்டு கேக்கிற இடத்தில நாங்கள் ‘சரியோ பிழையோ’ எண்டு கேப்பம். பிழை ‘செய்யிறேல்ல’, பிழை ‘விடுறது’. “பிழை விட்டிட்டன்.”

‘பிழைச்சுப் போச்சு’ எண்டாலும் எங்களுக்குக் கெட்டுப் போச்சு எண்டுதான் அர்த்தம். “கணக்குப் பிழைச்சுப் போச்சு.” இந்தியாவில இருந்து வந்த ஆக்கள் அதைக் கேட்டிட்டு, ஏதோ உயிர் தப்பிட்டுது எண்டு சந்தோசப்படுவினம்.

ஒற்றன் | 4 மார்ச், காலை 8:15

அது தற்செயல் இல்லை. பிழைத்தல் என்றால் அடிப்படையில் ‘விலகிப் போதல்’. குறி பிழைத்தால் அம்பு இலக்கை விட்டு விலகியது. சாவு குறி பிழைத்தால் ஆள் ‘பிழைத்தான்’. பிறகு உயிரோடு இருப்பதே பிழைப்பு ஆகிவிட்டது. ‘பெரியார்ப் பிழைத்தொழுகுவார்’ என்று குறள் 896-இல் வருவதோ பழைய பொருள், பெரியவர்களுக்குத் தீங்கு செய்து நடப்பவர்.

தப்பும் அதே குடும்பக் கதைதான். தப்பு என்றால் தவறு. தப்பினான் என்றால் மாட்டாமல் போனான்.

இந்தக் கணக்கில் ‘தவறு’ மட்டும் எதிர்ப்பக்கம் போய்விட்டது. பிழைத்தார் என்றால் உயிரோடு இருக்கிறார், தவறிவிட்டார் என்றால் துக்கம் விசாரிக்கப் போக வேண்டும்.

சும்மாகேட்டவன் | 4 மார்ச், காலை 8:30

அப்போ தப்பு செய்து தப்பியவன் தவறாமல் பிழைத்துக்கொள்வான்.

ஒற்றன் | 4 மார்ச், இரவு 9:02

சரி, ஓடுங்கள். ஆனால் வழுக்கி விழாமல் ஓடுங்கள், ஏனென்றால் அதுதான் அடுத்த வேர். தவறி விழுவதிலிருந்து தவறு. வழுக்குவதற்கும், பிழை என்று பொருள்படும் வழுவுக்கும் ஒரே கால். ‘இழுக்கல்’ என்றால் சேறும் வழுக்கலுமான நிலம்: ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே’, குறள் 415. அந்த இழுக்கலின் உறவுதான் இழுக்கு. 127-ஆம் குறளின் ‘சொல்லிழுக்கு’, நாக்கு சறுக்கியதால் வந்த வினை. இன்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன் என்கிறோமே, அதே படம். பழைய சொல்லானாலும் புதுச் சொல்லானாலும் கால் இடறியதாகத்தான் தமிழ் தவறைப் பார்த்திருக்கிறது.

சொதப்பலில் கால் இல்லை. காதுக்கு அது சொதசொதவுக்குப் பக்கத்தில் கேட்கிறது: இறுக வேண்டியது இறுகாமல், கட்டாக இருக்க வேண்டியது கூழாகப் போனது. ஒரு நொடியில் நடக்கும் சறுக்கல் வேறு, நேரம் எடுத்துக்கொண்டு குழைந்துபோகும் சொதப்பல் வேறு என்ற உணர்வு பேச்சில் இன்னும் இருக்கிறது. அரை நொடிச் சம்பவத்தைச் சொதப்பல் என்று சொல்லக் கொஞ்சம் கூசும்.

கறுப்புக்குதிரை | 5 மார்ச், மாலை 6:44

அரை நொடிச் சம்பவத்துக்குச் சதுரங்கத்தில் தனிக் குறியே உண்டு. நகர்வுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டால் தவறான நகர்வு. இரண்டு கேள்விக்குறி போட்டால் ஆட்டத்தையே கெடுத்த நகர்வு. தமிழில் விமர்சனம் எழுதும்போது ஒற்றைக்குத் ‘தவறு’ என்று எழுதிவிடலாம். இரட்டைக்கு என்ன எழுதுவது என்பதுதான் பிரச்சினை. ‘பெரும்பிழை’ என்று எழுதினால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. ‘சொதப்பல்’ என்று எழுதினால் ஆட்டக்காரரைக் கேலி செய்வது போல.

உதாரணத்துக்கு 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டம். டிங் லிரன் வெள்ளை, குகேஷ் கறுப்பு. டிராவில் முடியும் போலத்தான் நிலைமை. 55-ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து, யானைக்கு யானை வெட்டிக்கொள்ளலாம் என்றார். அவருடைய பிஷப் ஏ8 மூலையில் நிற்கிறது, அதற்கு ஓட இடமில்லை. குகேஷ் யானையை வெட்டினார், பிறகு தன் பிஷப்பை டி5-இல் வைத்தார். பிஷப்பும் வெட்டுப்பட்டே ஆக வேண்டும். மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும்தான், கறுப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதல். 58-ஆவது நகர்வில் கதை முடிந்தது, பட்டம் கைமாறியது.

ஒரே நகர்வு. இதற்கு என்ன சொல்?

மெய்ப்புமேசை | 5 மார்ச், இரவு 7:10

சறுக்கல். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது இதற்காகவே செய்த பழமொழி. நகர்த்தியதும் யானை.

கறுப்புக்குதிரை | 5 மார்ச், இரவு 7:12

இதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எடுத்துக்கொள்கிறேன்.

2006 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் அன்றைய உலக சாம்பியன் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் என்ற சதுரங்கக் கணினி நிரலோடு ஆடியபோது, ஒரே நகர்வில் மேட் ஆவதை, அதாவது ராஜா சிக்கி ஆட்டம் முடிவதைக் கவனிக்காமல் ராணியை இ3-க்குக் கொண்டுபோனாரே, அதற்குச் சறுக்கல் போதாது என்று நினைக்கிறேன். எதிராளி ராணியை எச்7-இல் வைத்தால் மேட் என்பது கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது.

ஒற்றன் | 5 மார்ச், இரவு 7:50

அது ‘கோட்டை விட்டார்’. கையில் இருந்ததைக் கவனக்குறைவால் நழுவ விடுவதற்கு அந்தச் சொல். கையில் வந்த கேட்சைக் கோட்டை விடலாம், ரயிலைக் கோட்டை விடலாம், டிராவையும் விடலாம். தெரியாததை, முடியாததைக் கோட்டை விட முடியாது. எட்டாத கேட்சைத் தவறவிட்டவனை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

குறள் 831 பேதைமைக்குக் கொடுக்கும் இலக்கணம் இதற்கு அச்சாகப் பொருந்தும்: ஏதம் கொண்டு ஊதியம் போகவிடல். கெடுவதைப் பிடித்துக்கொண்டு, லாபத்தை விட்டுவிடுவது.

வடமராட்சி | 6 மார்ச், காலை 7:05

பழமொழியள் எண்டு தொடங்கினா எல்லாம் ஒண்டில்ல. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை ஒரு வகை: நோக்கம் நல்லது, கை சரியில்ல. ஆப்பிழுத்த குரங்கு இன்னொரு வகை: உனக்கு அங்க என்ன வேலை?

ஒற்றன் | 6 மார்ச், காலை 8:20

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டதும் ஆப்பு வகைதான், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. குரங்குக்கு ஆப்பு என்னவென்று தெரியாது, ஓணான் என்னவென்று வேட்டி கட்டியவனுக்குத் தெரியும். அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது: சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது. தெரியும், அதோடு செலவும் செய்திருக்கிறான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது வாய்க்கு மட்டும். சும்மா மணலுக்குள் கிடந்திருந்தால் தப்பியிருக்கும், கத்தி இடத்தைக் காட்டிக்கொடுத்தது.

இவற்றில் சொதப்பலுக்குப் பொருந்துவது பிள்ளையார் ஒன்றுதான். ஓணானைச் சொதப்பல் என்றால் அது ரொம்பச் சலுகை.

மெய்ப்புமேசை | 6 மார்ச், பிற்பகல் 2:30

குளறுபடியை யாரும் தொடவில்லையே. சும்மாகேட்டவரின் பட்டியலில் கடைசியாக இருந்தது.

சொதப்பலுக்கு ஒரு முகம் உண்டு. குளறுபடிக்கு முகம் கிடையாது. “பட்டியலில் குளறுபடி நடந்துள்ளது”, “எண்ணிக்கையில் குளறுபடி.” பல கைகள் மாறும் வேலையில், எந்தக் கையில் கெட்டது என்று தெரியாதபோது, அல்லது தெரிந்தும் சொல்ல விருப்பமில்லாதபோது வரும் சொல். அதனால்தான் அறிக்கைகளுக்கு அது பிடித்திருக்கிறது.

நியாயமாகவே குளறுபடி என்று சொல்ல வேண்டிய இடமும் உண்டு. 1999 செப்டம்பர் 23-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை அடைந்ததும் தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்கை ஒரு தரப்பின் மென்பொருள் பவுண்ட் அளவில் கொடுத்தது. வாங்கிய தரப்பு அதை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்ட் விசை ஏறக்குறைய 4.45 நியூட்டன். இரு தரப்பும் தன்னளவில் போட்ட கணக்கு சரி, எண் கைமாறிய இடத்தில் அலகு கைமாறவில்லை. தனியாக எந்த ஒருவரையும் சொதப்பினார் என்று சொல்ல முடியாது.

சும்மாகேட்டவன் | 6 மார்ச், பிற்பகல் 2:48

அப்போ முகம் இருந்தால் சொதப்பல், இல்லாவிட்டால் குளறுபடி?

மெய்ப்புமேசை | 6 மார்ச், பிற்பகல் 3:15

கிட்டத்தட்ட. ஆனால் ‘ஆள்மாறாட்டம்’ என்பதை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். இரண்டு பேரின் பெயர் தெரியாமல் மாறிப்போனால் பெயர்க் குழப்பம். ஒருவர் வேண்டுமென்றே இன்னொருவராக வந்து நின்றால்தான் ஆள்மாறாட்டம். அது தண்டனைக்குரிய குற்றம். முதலாவதுக்கு இரண்டாவதை எழுதிவிட்டு, மறுநாள் ‘பிழைக்கு வருந்துகிறோம்’ போடும் இடங்கள் உண்டு.

ஒற்றன் | 7 மார்ச், காலை 10:40

‘முகம் இருந்தால்’ என்பதோடு இன்னொரு நிபந்தனையும் வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது: யாருக்கும் அடிபட்டிருக்கக் கூடாது. 3-ஆம் தேதி எதிர்பார்ப்பைப் பற்றி எழுதினேன். அது மட்டும் போதாது. மருந்தின் அளவு மாறி நோயாளிக்கு ஆபத்து என்றால், கொடுத்தவர் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும், “சொதப்பிட்டாங்க” என்று சொல்வது காதில் விழவே கூடாத வாக்கியம். சொதப்பலுக்குள் இருக்கும் சிரிப்பு அங்கே அசிங்கமாகிவிடும். விசாரணையில் சொதப்பல், மீட்புப் பணியில் சொதப்பல் என்று தலைப்பு போடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. மெத்தனம் என்றால் மெத்தனம் என்று எழுதட்டும், அலட்சியம் என்றால் அலட்சியம்.

கறுப்புக்குதிரை | 7 மார்ச், மாலை 5:25

அங்கே பேச்சில் இருக்கும் பாகுபாடே உதவும். உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990-இல் மனிதத் தவறுகளைப் பிரித்த விதத்தை விமானம், மருத்துவம், அணுஉலை என்று எல்லாத் துறையும் எடுத்துக்கொண்டது. அதற்குப் புதுக் கலைச்சொல் உருவாக்கத் தேவையே இல்லை, வழக்கில் இருப்பதை எடுத்து வைத்தால் போதும்.

செய்ய நினைத்தது சரி, கை வேறு செய்தது: கைப்பிசகு. பக்கத்துப் பொத்தானை அழுத்துவது. இதற்குப் பயிற்சி பலன் தராது. பொத்தான்களைத் தள்ளி வைக்க வேண்டும், வடிவத்தை மாற்ற வேண்டும்.

செய்ய வேண்டிய படி ஒன்று விட்டுப்போனது: மறதி. இதற்குச் சரிபார்ப்புப் பட்டியல். நடுவில் யாராவது கூப்பிட்டால் விட்ட இடத்தில் தொடராமல், இரண்டு படி பின்னால் போய்த் தொடங்க வேண்டும்.

திட்டமே தவறு, அதை ஒழுங்காகச் செய்தும் முடித்தாயிற்று: தப்புக்கணக்கு. இதற்குத்தான் பயிற்சியும் இரண்டாவது ஆளின் கருத்தும் வேண்டும். செய்கிறவருக்கு எல்லாம் சரியாகப் போவதாகவே தெரியும், அதனால் தானாகக் கண்டுபிடிப்பது கடினம்.

தெரிந்தே விதியை மீறுவது நாலாவது, விதிமீறல். பெரும்பாலும் வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான் மீறுவார்கள். அதனால் விதி நடைமுறைக்கு ஒத்துவருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நாலுக்கும் சேர்த்து “கவனக்குறைவு” என்று அறிக்கையில் எழுதிவிட்டால், நாலுக்கும் ஒரே மருந்து, திட்டு.

ஒற்றன் | 7 மார்ச், இரவு 8:00

தப்புக்கணக்கு நல்ல பிடி. மறதிக்குக் குறளில் ஒரு அதிகாரமே இருக்கிறது, பொச்சாவாமை. மற்றதற்கு 466: செய்யக் கூடாததைச் செய்தாலும் கெடும், செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டாலும் கெடும்.

சும்மாகேட்டவன் | 8 மார்ச், காலை 11:11

நான் தோற்றுவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நடைமுறைக்கு வாருங்கள். அலுவலகத்துக்கு எழுதும்போது எது?

மெய்ப்புமேசை | 8 மார்ச், பகல் 12:40

சொதப்பல் வேண்டாம். சக ஊழியருக்குச் செய்தி அனுப்பும்போது “சொதப்பிட்டேன், மாத்தி அனுப்புறேன்” சரி. கடிதத்தில் பெயர்ச்சொல்லை விட வினை முக்கியம்.

‘தவறு நேர்ந்துவிட்டது’: மழை பெய்தது போல. ‘தவறு ஏற்பட்டுள்ளது’: அதே மழை, அரசாணை நடையில். ‘தவறு செய்துவிட்டேன்’: ஆள் தெரிகிறது, ஆனால் என்ன தவறு என்று தெரியவில்லை. ‘தவறு இழைத்துவிட்டேன்’: நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது, சின்ன விஷயத்துக்குக் கனம் அதிகம்.

சரியான வழி, தவறு என்ற சொல்லையே தள்ளிவைத்து நடந்ததை எழுதுவது: “திங்கள் அனுப்பிய பட்டியலில் 7-ஆம் வரியின் தொகையை 8-ஆம் வரியில் எழுதிவிட்டேன். திருத்திய பட்டியல் இத்துடன். பழையதைப் பயன்படுத்த வேண்டாம்.” மூன்றாவது வாக்கியத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் பழைய பட்டியல் எங்காவது உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கும்.

‘பிழை பொறுத்தருள்க’ அழைப்பிதழுக்கும் நூல் முன்னுரைக்கும் மட்டும்.

வடமராட்சி | 8 மார்ச், இரவு 9:30

கணினிக்காரர் ‘வழு’ எண்டு எழுதினம். மென்பொருள் வழு, வழுநீக்கம். அது எங்கயிருந்து வந்தது?

ஒற்றன் | 9 மார்ச், காலை 7:45

நேராக இலக்கணத்திலிருந்து. நன்னூல் வழுவை ஏழாகச் சொல்லும்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. “அவன் வந்தாள்” பால் வழு. “நாளை வந்தான்” கால வழு. யானைக்குட்டி என்று எழுதினால் மரபு வழு, யானைக்கன்று என்பதே மரபு.

ஆனால் தமிழின் உண்மையான பெருந்தன்மை வழுவமைதியில் இருக்கிறது. இலக்கணப்படி வழுதான், காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது. இன்னும் செருப்பே மாட்டாதவர் “இதோ வந்துட்டேன்” என்கிறாரே, அது விரைவு பற்றிய கால வழுவமைதி. மகளை “வாடா கண்ணா” என்றால் அன்பு பற்றிய பால் வழுவமைதி. பசுவை “என் அம்மா வந்தாள்” என்றால் உவப்பு பற்றிய திணை வழுவமைதி.

கறுப்புக்குதிரை | 9 மார்ச், காலை 7:58

புகார் கொடுத்தால் “அது அப்படித்தான் வேலை செய்யும்” என்று மென்பொருள்காரர்கள் பதில் எழுதுகிறார்களே, அதுவும் வழுவமைதிதானா?

ஒற்றன் | 9 மார்ச், காலை 8:10

காரணம் சொன்னால் வழுவமைதி. சொல்லாவிட்டால் சொதப்பல்.

சும்மாகேட்டவன் | 9 மார்ச், காலை 8:26

கடைசிச் சந்தேகம். சொல், சொற்கள். கல், கற்கள். சொதப்பல்?

மெய்ப்புமேசை | 9 மார்ச், காலை 9:00

சொதப்பல்கள். தனிக்குறிலை அடுத்து ‘ல்’ வரும் சின்னச் சொற்களில்தான் ‘ற்’ ஆகும். பாடல்கள், ஊஞ்சல்கள், தகவல்கள் எல்லாம் அப்படியே நிற்கும், இதுவும் அந்த வரிசைதான். சொதப்பற்கள் என்று எழுதினால் பல் டாக்டரிடம் காட்ட வேண்டியிருக்கும்.